குழந்தைக்கு ஆபரேஷன்: மயக்க மருந்தும் இதய நிறுத்தமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், அதாவது பெரியவர்கள் இன்னும் வட ஆற்காடு என்றே சொல்லும் பகுதியில், குழந்தைக்கு ஹெர்னியா, டான்சில், பிளவு உதடு என்று ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பதில்களில் வரும் மருந்தளவுகள் தியேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று புரிவதற்காக மட்டுமே.

மயக்க மருந்து குடுத்தா புள்ள முழிக்காமலே போயிடுமா?

நன்றாக இருக்கும் குழந்தை, முன்கூட்டியே திட்டமிட்ட சின்ன ஆபரேஷன், குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டர். இந்த மூன்றும் சேர்ந்தால் அப்படி நடப்பது மிக மிக அரிது. மருந்து கூடிப்போய் குழந்தை அப்படியே தூங்கிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இப்போது குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கொடுக்கும் செவோஃப்ளூரேன் வாயுவை நிறுத்திவிட்டால் அது மூச்சு வழியாகவே வெளியேறிவிடும். சற்று நேரத்தில் குழந்தை அழ ஆரம்பிக்கும்.

கவலைப்பட வேண்டியவை வேறு. மூச்சுப்பாதை அடைபடுவது, ரத்தமோ நீரோ குறைவது, மருந்தளவு தவறுவது, இதயத்தில் ஏற்கனவே இருக்கும் கோளாறு மயக்கத்தில் வெளிப்படுவது. இவற்றில் பாதிக்கு மேல் பெற்றோர் முன்பே சொல்லும் தகவலால் தடுக்கக்கூடியவை என்பது எங்கள் கருத்து.

இதயம் நின்னுபோச்சுன்னா உயிர் போச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை. இதய நிறுத்தம் என்றால் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுவது நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த நிமிடமே நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவிட்டு, நின்றதற்கான காரணத்தையும் சரிசெய்தால் பெரும்பாலும் இதயம் திரும்ப ஓடும். குழந்தைகளின் இதய நிறுத்தங்களைத் தொகுக்க அமெரிக்காவில் 1994-இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 2000-இல் வந்த அதன் முதல் அறிக்கையில், மயக்க மருந்தோடு தொடர்புடைய 150 இதய நிறுத்தங்களில் இறந்தவர்கள் 26 சதவீதம். நான்கில் மூன்று குழந்தைகள் பிழைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு ரத்தக்குழாய் அடைத்து வரும் மாரடைப்பு வேறு, இது வேறு.

எத்தினி பேர்ல ஒருத்தருக்கு இப்படி ஆகுது?

அந்தப் பதிவேட்டின்படி, மயக்கத்தால் நேர்ந்த இதய நிறுத்தங்கள், மயக்கம் கொடுத்த 10,000 தடவைக்கு 1.4. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1988 முதல் 2005 வரையிலான கணக்கில், இதய ஆபரேஷன் அல்லாதவற்றில் எல்லாக் காரணங்களும் சேர்ந்து 10,000-க்கு 2.9, இதய ஆபரேஷன்களில் 127.

இந்தச் சராசரியை அப்படியே உங்கள் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. முதல் அறிக்கையில் பாதிக்கப்பட்டவர்களில் 55 சதவீதம் ஒரு வயதுக்குட்பட்டவர்கள். ஒரு வயதுக்குள் இருப்பது, பிறவி இதயக் கோளாறு, ஏற்கனவே மோசமான உடல்நிலை, அவசர ஆபரேஷன் ஆகிய நான்கும்தான் எண்ணிக்கையைத் தூக்கிவிடுகின்றன. ஐந்து வயதுப் பையனுக்கு ஹெர்னியா என்றால் அவன் அந்தச் சராசரிக்கு வெகு கீழே இருக்கிறான். குடல் அடைத்துக்கொண்ட பத்து நாள் சிசு வெகு மேலே.

பெரியவங்களவிட கொயந்தைங்களுக்கு ஏன் ஆபத்து ஜாஸ்தி?

கைக்குழந்தைக்குக் கிலோ கணக்கில் பார்த்தால் பெரியவர்களைப் போல இரண்டு மடங்கு ஆக்சிஜன் வேண்டும். நுரையீரலில் இருக்கும் சேமிப்போ குறைவு. மயக்கத்தில் அது இன்னும் குறையும். ஆக்சிஜன் நிரப்பிய பிறகு மூச்சு நின்றால் பெரியவருக்குப் பல நிமிடம் தாங்கும். ஒரு மாதக் குழந்தைக்கு ஒன்றரை நிமிடம் அளவில் ஆக்சிஜன் அளவு சரியத் தொடங்கிவிடும்.

அடுத்தது ரத்தம். 4 கிலோ சிசுவின் உடலில் ஓடுவது கிலோவுக்கு 80 மில்லி வீதம் மொத்தம் 320 மில்லி. நன்றாக நனைந்த நாலங்குல காஸ் துணி ஒன்று ஏறக்குறைய 10 மில்லி குடித்திருக்கும். அப்படி மூன்று துணி நனைந்தால் பத்தில் ஒரு பங்கு ரத்தம் போய்விட்டது. பெரியவருக்கு அந்த 30 மில்லி, ரத்த தானத்தில் கொடுப்பதைவிட எவ்வளவோ குறைவு. மூன்றாவது, சிசுவின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் அளவைப் பெரிதாகக் கூட்ட முடியாது. வேகத்தை நம்பித்தான் ஓடுகிறது. துடிப்பு குறைந்தால் ரத்த ஓட்டமும் அதே கணக்கில் குறையும். அதனால்தான் நிமிடத்துக்கு 60-க்குக் கீழே போய், உடலும் வெளிறினால், முழுவதும் நிற்கக் காத்திருக்காமல் நெஞ்சை அழுத்த ஆரம்பிக்கிறார்கள்.

மொதல்ல மூச்சு நிக்குமா, இதயம் நிக்குமா?

வழக்கமாக மூச்சுதான். அதிகம் பார்ப்பது குரல்வளை இறுக்கம்: அரை மயக்கத்தில் இருக்கும்போது எச்சிலோ சளியோ ஒரு துளி ரத்தமோ குரல் நாண்களில் பட்டால் அவை கதவு சாத்தியதுபோல் மூடிக்கொள்ளும். நெஞ்சு மேலும் கீழும் இழுக்கும், காற்று உள்ளே போகாது. முதலில், வெளிவரும் மூச்சை அளக்கும் கருவியான கேப்னோகிராஃபில் கார்பன் டை ஆக்சைடு கோடு படுத்துவிடும். ஆக்சிமீட்டர் எண் சற்றுத் தாமதித்துத்தான் இறங்கும். அதற்குப் பிறகு துடிப்பு 140, 100, 70 என்று விழும். கடைசியில் நிற்கும்.

முதல் அரை நிமிடத்தில் செய்வதுதான் முக்கியம். தொண்டையைத் தூண்டுவதை நிறுத்தி, தாடையை முன்னுக்குத் தள்ளி, முகமூடியை இறுக்கிப் பிடித்து 100 சதவீத ஆக்சிஜனை அழுத்தத்தோடு கொடுப்பார்கள். இறுக்கம் விடாவிட்டால் நரம்பு வழி மயக்க மருந்தான புரோபோஃபால் கொஞ்சம். அதற்கும் விடாவிட்டால் தசைகளைத் தளர்த்தும் சக்சினில்கோலின். நரம்பில் ஊசி இல்லையென்றால் அதையே கிலோவுக்கு 4 மில்லிகிராம் தசையில் போடுவார்கள். ஊசி ஏறுவதற்கு முன் வாயு மட்டும் கொடுத்துத் தூங்கவைக்கும் அந்தச் சில நிமிடங்களில் இன்னொரு பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சளிதானே புடிச்சிருக்கு, தேதிய ஏன் தள்றாங்க?

மேலே சொன்ன குரல்வளை இறுக்கத்துக்கு முதல் காரணமே சளிதான். மூக்கு காய்ந்த பிறகும் மூச்சுக்குழாயின் எரிச்சல் அடங்கச் சில வாரம் ஆகும். காய்ச்சல், பச்சைச் சளி, நெஞ்சில் வீசிங், குழந்தை சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனை இரண்டிலிருந்து நான்கு வாரம் தள்ளுவதுதான் சரி. தண்ணீர்போல் மூக்கு ஒழுகுவது மட்டும் என்றால் டாக்டர் பார்த்து முடிவு செய்வார். பிளவு அண்ணக் குழந்தைகளில் சிலருக்கு மூக்கு எப்போதுமே ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்.

தேதி போய்விடுமே என்று சளியை மறைப்பவர்கள் நிறைய. காலையில் இருமல் மருந்து ஊற்றி அழைத்து வந்தால் தொண்டை அமைதியாகத் தெரியும், மூச்சுக்குழாய் அமைதியாக இருக்காது. வீட்டில் பீடி, சிகரெட் புகை உண்டு என்றால் அதையும் சொல்லுங்கள். அந்தக் குழந்தைகளுக்கும் இறுக்கம் கூடுதலாக வருகிறது.

ஒரு வாய் பால் குடுத்தா இன்னா ஆயிடப் போவுது?

மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கும். பால் வயிற்றில் தயிராகிக் கட்டியாவதால் அது தண்ணீர் கணக்கில் வராது. பொதுவான கணக்கு: சாதம், இட்லி, பிஸ்கட், பசும்பால், பவுடர் பால் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம். எண்ணெய், இறைச்சி சேர்ந்தால் 8 மணி நேரம். ஞாயிறு இரவு பத்தரைக்கு ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட பிள்ளைக்குத் திங்கள் காலை ஆறு மணி தியேட்டர் சரிவராது.

டீ, காபி, கஞ்சி, ராகிக் கூழ், மோர் எதுவும் தெளிந்த நீர் அல்ல. வழுக்கை இல்லாத இளநீரும் சர்க்கரைத் தண்ணீரும் தெளிந்த நீர்தான். பாட்டிகள் கவனத்துக்கு: அன்று காலை உரை மருந்து வேண்டாம். வசம்பைத் தாய்ப்பாலில் உரைத்தாலும் அது பால் கணக்கிலேயே சேரும். தெரியாமல் கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள். நாலு மணி நேரம் காத்திருப்பதோடு முடிந்துவிடும்.

அப்போ ராத்திரியில இருந்தே பட்டினி போட்டுட்டா ரொம்ப நல்லதுதானே?

இல்லவே இல்லை, இந்தத் தவறுதான் நம் பக்கத்தில் அதிகம். ஜவ்வாது மலையிலிருந்தோ பேர்ணாம்பட்டிலிருந்தோ விடியற்காலை கிளம்புபவர்கள் முந்தின இரவு எட்டு மணிக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். ஆபரேஷனோ காலை 11-க்கு. பதினைந்து மணி நேரம். 10 கிலோ குழந்தைக்கு மணிக்கு 40 மில்லி நீர் தேவை என்றால் 600 மில்லி பாக்கி. வேலூரின் மே மாத வெயிலில் இன்னும் கூடும். இப்படி வற்றிய உடம்பில் மயக்க வாயு ரத்தக்குழாய்களை விரிக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று விழும். நரம்பு கிடைக்காமல் ஊசி போடவும் திணறுவார்கள். கைக்குழந்தைக்குச் சர்க்கரையும் இறங்கிவிடும்.

"எங்க குழந்தை எத்தனையாவது கேஸ்? எத்தனை மணி வரைக்கும் தண்ணி குடுக்கலாம்?" இந்த இரண்டையும் முந்தின நாளே வார்டு நர்சிடம் கேளுங்கள். தியேட்டர் நேரம் தள்ளிப்போனால் மறுபடியும் கேளுங்கள். சில மருத்துவமனைகளில் இப்போது ஒரு மணி நேரம் முன்புவரை கொஞ்சம் தண்ணீர் கொடுக்க விடுகிறார்கள். உங்கள் டாக்டர் சொல்வதே கணக்கு.

எடை தோராயமா சொன்னா போதாதா, அங்கன்வாடியில பார்த்தது இருக்கே?

போதாது. எல்லா மருந்தும் கிலோ கணக்கில்தான். ஒரு உதாரணம்: ஹெர்னியாவுக்கு முதுகின் அடியில் போடும் மரத்துப்போகும் ஊசியில் புபிவகெய்ன் கிலோவுக்கு 2.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 10 கிலோவுக்கு 0.25 சதவீத மருந்தில் 10 மில்லி. அதே 10 மில்லியை 0.5 சதவீத பாட்டிலிலிருந்து எடுத்தால் இரண்டு மடங்கு. அது ரத்தத்தில் ஏறினால் இதயத்தின் மின்னோட்டமே தடுமாறும். அதற்கு 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை கிலோவுக்கு 1.5 மில்லி உடனே ஏற்ற வேண்டும். அந்தப் பாட்டில் தியேட்டரில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

நின்ற இதயத்தைத் தூண்டும் அட்ரினலினும் அப்படித்தான். ஒரு ஆம்பூலில் 1 மில்லியில் 1 மில்லிகிராம். அதை 10 மில்லியாக்கி, 10 கிலோ குழந்தைக்கு 1 மில்லி. கலக்காமல் அதே 1 மில்லி போனால் பத்து மடங்கு. ஆகவே அட்மிஷன் அன்று சட்டை மட்டும் போட்டு, ஆஸ்பத்திரித் தராசிலேயே எடை பார்க்கச் சொல்லுங்கள்.

இதயத்துல ஓட்டை இருக்கு, ஹெர்னியா ஆபரேஷன் பண்ணலாமா?

பெரும்பாலும் பண்ணலாம், ஆனால் எங்கே என்பதுதான் கேள்வி. அதே பதிவேட்டின் 2010 அறிக்கையில், இதய நிறுத்தம் ஏற்பட்ட 373 குழந்தைகளில் 127 பேருக்கு இதயக் கோளாறு இருந்தது. அந்த 127-இல் பாதிக்கு மேல் இதய ஆபரேஷன் தியேட்டரில் நடந்தவை அல்ல, சாதாரணப் பொது தியேட்டரில் நடந்தவை. 'சின்ன ஆபரேஷன்தானே' என்ற நினைப்பில்தான் சறுக்குகிறது.

சின்ன ஓட்டை, குழந்தை எடை கூடுகிறது, பால் குடிக்கும்போது வேர்ப்பதில்லை என்றால் பயம் குறைவு. உதடு நீலமாவது, ஒற்றைக் கீழறை இதயம், பெருந்தமனி வால்வு இறுக்கம், இதயத்தசை பலவீனம், நுரையீரல் ரத்த அழுத்தம் என்றால் குழந்தை இதய மருத்துவரும் ஐ.சி.யூவும் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை மடித்து பையில் வைக்காமல் மயக்க டாக்டர் கையில் கொடுங்கள். பள்ளி, அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு 'நெஞ்சில் சத்தம் கேக்குது' என்று எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால் அதையும்தான்.

எக்கோ, இ.சி.ஜி எல்லா கொயந்தைக்கும் எடுக்கணுமா?

வேண்டாம். நெஞ்சில் சத்தம், நீலம், எடை கூடாமை, மயங்கி விழுந்தது, குடும்பத்தில் இளவயதுத் திடீர் சாவு, இவற்றில் ஒன்று இருந்தால் எடுக்க வேண்டும்.

நாங்க சொந்தத்துல கட்டிக்கிட்டவங்க, அதனால மயக்க மருந்துல பிரச்சினை வருமா?

மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டியதால் மட்டும் வராது. பரம்பரைக் கோளாறுகளில் சில சொந்தத்தில் கட்டினால் கூடுதலாக வெளிப்படும் என்பதால் டாக்டர் துருவிக் கேட்பார். தாய்வழியில் ஆண்பிள்ளைகளுக்குத் தசைத் தேய்வு இருக்கிறதா? இது சொந்தத்தில் கட்டாத குடும்பத்திலும் வரும். நடக்கத் தாமதித்த, கெண்டைக்கால் பருத்த, தரையிலிருந்து தொடையைப் பிடித்து எழும் பையனுக்கு சக்சினில்கோலின் போட்டால் தசையிலிருந்து பொட்டாசியம் கொட்டி இதயம் நின்றுவிடும். நோய் கண்டுபிடிக்கப்படாத பையன்களுக்கு இப்படி ஆனதால்தான் 1990-களில் அமெரிக்காவில் அந்த மருந்துக்குக் கடும் எச்சரிக்கை போட்டார்கள்.

அடுத்து, ஆபரேஷனில் யாருக்காவது உடம்பு நெருப்பாய்க் கொதித்துத் தசை விறைத்ததா? அது வீரிய வெப்ப நோய். அதற்கு மருந்து டான்ட்ரோலின், கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். ஆபரேஷன் முடிந்தும் யாராவது மணிக்கணக்கில் மூச்சு வராமல் வெண்டிலேட்டரில் இருந்தார்களா? அது சக்சினில்கோலினை உடைக்கும் நொதி குறைவாக இருக்கலாம். தமிழ்நாட்டு ஆரிய வைசியக் குடும்பங்களில் இந்தக் குறை கூடுதலாக இருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. இதில் இதயம் நிற்பதில்லை, மூச்சுக்கருவி கூடுதல் நேரம் தேவைப்படும், அவ்வளவே. 'சித்தப்பா ஆபரேஷன்ல போயிட்டாரு' என்பதைக் கெட்ட சகுனம் என்று விழுங்கிவிடாதீர்கள்.

வேர்க்கடலை மூச்சுக்குழாய்ல மாட்டிக்கிச்சாம், அத எடுக்கறதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கையெழுத்து?

கடலை விளையும் நம் பக்கத்தில் அடிக்கடி வரும் கேஸ். மூச்சுக் கணக்கில் குழந்தை ஆபரேஷன்களிலேயே கடினமானவற்றில் ஒன்று. மயக்க டாக்டருக்கும் அறுவை டாக்டருக்கும் இருப்பது ஒரே குழாய். கருவி உள்ளே இருக்கும் நேரமெல்லாம் காற்றும் அதன் வழியாகவே. கடலை ஊறி உப்பியிருக்கும், அதன் எண்ணெயால் சுவர் வீங்கியிருக்கும், இடுக்கியில் பிடித்தால் நொறுங்கும். வெளியே இழுக்கும்போது குரல் நாண் அருகே நழுவி நடுக்குழாயில் விழுந்தால் இரு நுரையீரலும் அடைபடும். அப்போது அதைத் திரும்ப ஒரு பக்கக் கிளைக்குள் தள்ளி மற்ற நுரையீரலுக்குக் காற்று விடுவார்கள்.

ஐந்து வயதுக்குள் முழுக் கடலை கொடுக்காதீர்கள். தின்னும்போது புரையேறி, பிறகு ஒரு பக்கம் மட்டும் வீசிங் கேட்டால், இருமல் நின்றுவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். வாய்க்குள் விரல் விட்டுத் துழாவவும் வேண்டாம்.

ரத்தம் ஏத்தினா நல்லதுதானே, அதுல என்ன ஆபத்து?

ஏற்றாவிட்டாலும் ஆபத்து, ஏற்றுகிற விதத்திலும் ஆபத்து. பதிவேட்டின் 1998–2004 அறிக்கையில் இதய, ரத்த ஓட்டக் காரணங்களில் முன்னே நின்றவை இரண்டு: ரத்த இழப்பால் உடல் வற்றுவது, சேமித்த ரத்தத்தால் பொட்டாசியம் ஏறுவது. நாள்பட்ட ரத்தப் பையில் செல்களிலிருந்து பொட்டாசியம் கசிந்திருக்கும். அதை சிசுவின் பெரிய நரம்பு வழியே வேகமாகத் தள்ளினால் இதயம் நிற்கும். அதனால்தான் சிசுக்களுக்கு புதிய ரத்தம் அல்லது கழுவிய ரத்தம் கேட்கிறார்கள். ரத்தம் தரும் உறவினரை முந்தின நாளே வரச்சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

அரைஞாண் கொடி, மருதாணி எல்லாம் இருந்தா பரவாயில்லையா?

உலோகக் கொடியும் காப்பும் கழற்றப்பட வேண்டும், மின்கருவியால் சுடும். நகப்பூச்சும் கறுப்பு மருதாணியும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை ஏமாற்றும். ஒரு காலின் விரல்களையாவது சுத்தமாக விடுங்கள்.

நின்னுட்டா உள்ள இன்னாதான் பண்ணுவாங்க?

அறுவையை நிறுத்துவார்கள், மயக்க வாயுவை மூடி 100 சதவீத ஆக்சிஜன் விடுவார்கள். சிசு என்றால் இரு கைகளாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரலால் அழுத்துவார்கள்; ஆழம் 4 செ.மீ. பெரிய குழந்தைக்கு உள்ளங்கையால் 5 செ.மீ. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டிருந்தால் அழுத்துவதை நிறுத்தாமல் 2, 3 நொடிக்கு ஒரு மூச்சு. அட்ரினலின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை.

சினிமாவில் காட்டும் ஷாக் குழந்தைகளுக்குக் குறைவாகவே தேவைப்படும். நின்ற இதயத்துக்கு ஷாக் பயன்படாது. தாறுமாறாக நடுங்கும் இதயத்துக்கு மட்டுமே, கிலோவுக்கு 2 ஜூலில் தொடங்கி 4. கூடவே ஒருவர் காரணத்தைத் தேடுவார்: குழாய் நழுவியதா, நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்ததா, ரத்தம் போனதா, பொட்டாசியமா, மரத்துப்போகும் ஊசியா. காரணம் கிடைக்காமல் வெறுமனே அழுத்திக்கொண்டே இருந்தால் இதயம் திரும்பாது.

பக்கத்துல இருக்குற சின்ன நர்சிங் ஹோம்லயே பண்ணிக்கலாமா?

மூன்று வயதைத் தாண்டிய, நோயில்லாத குழந்தைக்குப் பகல்நேரச் சின்ன ஆபரேஷன் என்றால் தடையில்லை, ஆனால் கேட்டுவிட்டுப் போங்கள். மயக்க டாக்டர் குழந்தைகளுக்கு வழக்கமாகக் கொடுப்பவரா, ஆபரேஷன் முடிந்ததும் கிளம்பிவிடாமல் குழந்தை முழிக்கும்வரை இருப்பாரா? கேப்னோகிராஃப் உண்டா? குழந்தை அளவு முகமூடி, குழாய், ஷாக் கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் பேடு உண்டா? ஏதாவது ஆனால் எந்த ஐ.சி.யூவுக்கு அனுப்புவார்கள்? இதற்கெல்லாம் கோபப்படும் இடத்தில் பண்ண வேண்டாம். ஒரு வயதுக்குள், குறைப்பிரசவம், இதயக் கோளாறு என்றால் சி.எம்.சி, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடங்களில் முதலில் காட்டுங்கள்.

வெளிய கொண்டாந்துட்டாங்க, இனிமே பயமில்லையே?

முதல் சில மணி நேரம் இன்னும் கண்காணிப்பு வேண்டும். குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கு, கருத்தரித்ததிலிருந்து எண்ணி 60 வாரம் ஆகும்வரை, மயக்கத்துக்குப் பிறகு மூச்சு திடீரென நிற்கலாம். அன்றே வீட்டுக்கு வேண்டாம். டான்சில் எடுத்த பிள்ளை அடிக்கடி எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும், உடனே காட்டுங்கள். குறட்டையோடு மூச்சு விட்டு விட்டு வரும் பிள்ளைக்கு இதை முன்பே சொல்லியிருந்தால் வலி மருந்தைக் குறைத்துக் கொடுப்பார்கள். கோடீன் (வலிக்கும் இருமலுக்கும் தரும் ஒரு மருந்து) கலந்த மருந்தை டான்சிலுக்குப் பிறகு கொடுக்கவே கூடாது.

நின்னு திரும்ப ஓடுச்சு, மூளை பாதிச்சிருக்குமா?

எவ்வளவு நேரம் ரத்தம் ஓடாமல் இருந்தது என்பதைப் பொறுத்தது. தியேட்டரில் நின்றதை அந்த நொடியே பார்க்கிறார்கள், ஆக்சிஜனும் மருந்தும் கையருகே இருக்கின்றன. அதனால் வீட்டில் நின்றதைவிட வாய்ப்பு மிக நல்லது. முதல் நாட்களில் காய்ச்சல், தாழ்ந்த ரத்த அழுத்தம், சர்க்கரைக் குறைவு, வலிப்பு ஆகியவற்றை அண்டவிடாமல் ஐ.சி.யூவில் வைத்திருப்பார்கள். முதல் நாளே 'எப்படி இருப்பான்' என்று உறுதியாகச் சொல்லும் டாக்டரை நம்ப வேண்டாம். சில நாள் போனால்தான் தெரியும்.

ஒரு தடவை இப்படி ஆச்சு, அடுத்த தடவை மயக்கம் குடுக்கலாமா?

காரணம் தெரிந்தால் பெரும்பாலும் கொடுக்கலாம். சளியால் வந்த குரல்வளை இறுக்கம் என்றால் சளியில்லாத நாளில். தசைத் தேய்வு என்றால் சக்சினில்கோலினும் மயக்க வாயுவும் இல்லாமல், நரம்பு வழி மருந்தால். காரணமே புரியவில்லை என்றால் இ.சி.ஜி, எக்கோ, தசை நொதிப் பரிசோதனை எடுத்து, இதயத் துடிப்பின் பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'உடல்நலம் தேறினார்' என்ற ஒற்றை வரியோடு விடாதீர்கள். என்னென்ன மருந்து எவ்வளவு போட்டது, எந்தக் கட்டத்தில் நின்றது, துடிப்பு எப்படி இருந்தது, எத்தனை நிமிடம் அழுத்தினார்கள், எதைக் கொடுத்ததும் திரும்பியது, எந்த அளவு குழாய் போட்டது என்று மயக்க டாக்டரின் தனிக் கடிதம் கேளுங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். கூடப்பிறந்த பிள்ளைகளுக்கு ஆபரேஷன் வந்தாலும் அந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.